ஈடித் நெஸ்பிட்: வாசகர் கேள்வி, நம் பதில்

போன இதழில் சிறுவர் கதைகளைப் பற்றிப் பேசும்போது, 'தி ரயில்வே சில்ட்ரன்' எழுதிய ஈடித் நெஸ்பிட் அந்தக் காலத்து இங்கிலாந்தின் சோஷலிஸ்ட் இயக்கத்திலும் முன்வரிசையில் இருந்தவர் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. எனவே இந்த இதழ் முழுக்க அவருக்குத்தான். மற்ற கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பள்ளி நூலகத்தில் அந்தப் புத்தகம் இருக்கிறது. அட்டையில் 'ஈ. நெஸ்பிட்' என்று மட்டும் போட்டிருப்பதால் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்களேன்.
*பள்ளி ஆசிரியை, கும்பகோணம்*

பெண்தான். ஆனால் உங்களுக்கு வந்த சந்தேகம் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸுக்கே வந்திருக்கிறது. அட்டையைப் பார்த்து ஆண் என்று நினைத்துக்கொண்டிருந்தவர், நேரில் பழகிய பிறகும் விளையாட்டாக அவரை 'எர்னஸ்ட்' என்றே கூப்பிட்டு வந்தார்.

ஈடித் பிறந்தது 1858 ஆகஸ்ட் 15, லண்டனின் தென்பகுதியில் இருக்கும் கென்னிங்டனில். அப்பா ஜான் காலிஸ் நெஸ்பிட் வேளாண் ரசாயன அறிஞர், வீட்டோடு சேர்த்து ஒரு வேளாண் கல்லூரியும் நடத்தினார். மகளுக்கு நாலு வயது நிரம்பும் முன்பே அவர் இறந்துவிட்டார். நெஸ்பிட்டின் கதைகளில் அப்பா இல்லாத வீடுகள் ஏன் இத்தனை வருகின்றன என்று யாராவது கேட்டால் முதலில் நினைத்துப் பார்க்க வேண்டியது இதைத்தான். அக்கா மேரிக்குக் காசநோய். நல்ல காற்றும் வெயிலும் தேடி அம்மா குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பிரான்ஸ், ஸ்பெயின், ஜெர்மனி என்று ஊர் ஊராக அலைந்தார். ஓரிடத்தில் நிலைத்து உட்கார்ந்து படிக்கும் வாய்ப்பே ஈடித்துக்குக் கிடைக்கவில்லை. அத்தனை அலைச்சலும் பலிக்காமல் 1871-இல் மேரி இறந்துபோனார். அப்புறம்தான் குடும்பம் கென்ட் பகுதியில் ஹால்ஸ்டெட் என்ற கிராமத்தில் சில ஆண்டுகள் தங்கியது. ரயில் பாதைக்குப் பக்கத்து ஊர் அது. 'ரயில்வே சில்ட்ரன்' கதைக்கு அந்த ஊர்தான் மூலம் என்று பலர் சொல்கிறார்கள், டெர்பிஷயர்க்காரர்கள் தங்கள் ஊர் என்கிறார்கள்.

கையில் காசில்லாமல் போன நடுத்தரக் குடும்பம், வீட்டில் நோயாளி, மூட்டை முடிச்சோடு வீடு மாறுதல், இதெல்லாம் அவருக்குப் புத்தகத்தில் படித்த சங்கதிகள் இல்லை. பத்து வயதிலேயே பார்த்துவிட்டார்.

அரசியலுக்கு எப்படி வந்தார்? ஃபேபியன் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர் என்கிறார்களே, அது உண்மையா?
*கல்லூரி மாணவர், மதுரை*

உண்மை. 1883 அக்டோபரில், லண்டனில் ஆஸ்னபர்க் தெருவில் எட்வர்ட் பீஸ் என்பவருடைய வீட்டில் சிலர் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். சமூகத்தை மாற்றுவது எப்படி என்பதுதான் பேச்சு. தனி மனிதர்கள் திருந்தினால் போதும், சமூகம் தானாகத் திருந்திவிடும் என்று நம்பியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். சொத்துரிமையையும் சட்டத்தையும் மாற்றாமல் எதுவும் நகராது என்றவர்கள் தனியாகப் பிரிந்து 1884 ஜனவரி 4 அன்று ஃபேபியன் சங்கத்தை அமைத்தார்கள். ஈடித்தும் அவர் கணவர் ஹியூபர்ட் பிளாண்டும் அந்த இரண்டாவது அணி. ஹியூபர்ட்தான் சங்கத்தின் பொருளாளர், பல ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். ஈடித் துண்டுப் பிரசுரக் குழுவில் இருந்தார்.

பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ரோமாபுரியை எதிர்த்துப் படையெடுத்து வந்த ஹன்னிபாலோடு நேருக்கு நேர் மோதாமல், காத்திருந்து காத்திருந்து அவனைக் களைக்கவைத்த ரோமானியத் தளபதி ஃபேபியஸின் பெயர்தான் அது. புரட்சி வேண்டாம், வாதாடி, எழுதி, புள்ளிவிவரம் காட்டி, நகராட்சியில் ஆரம்பித்து நாடாளுமன்றம் வரை மெதுவாகப் பிடிப்போம் என்பது இவர்கள் வழி. இந்த வழி சரியா தவறா என்று இன்னும் சண்டை நடக்கிறது. ஆனால் 1895-இல் லண்டன் பொருளாதாரப் பள்ளி உருவானதும், 1900-இல் பின்னாளைய தொழிற்கட்சிக்கு வித்திட்ட குழு அமைந்தபோது சங்கம் அதில் சேர்ந்துகொண்டதும் இந்தச் சிறிய கூட்டத்திலிருந்து வந்தவைதான். நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா, சமூக ஆய்வாளர் சிட்னி வெப் எல்லாரும் அடுத்தடுத்து வந்து சேர்ந்தார்கள்.

தம்பதியர் இரண்டு பேரும் சேர்ந்து 'ஃபேபியன் பிளாண்ட்' என்ற புனைபெயரில் ஒரு நாவலும் எழுதினார்கள். 'தி ப்ராஃபெட்ஸ் மேன்டில்' என்ற அந்த நூல் 1885-இல் வந்தது. ரஷ்யப் புரட்சியாளர்களைப் பற்றிய கதை. அதே ஆண்டில் பிறந்த மகனுக்கும் ஃபேபியன் என்றே பெயர் வைத்தார்கள். ஒரு சங்கத்தின் பெயரைப் பெற்ற பிள்ளைக்கு வைக்கிற அளவுக்கு அதில் ஊறிப்போயிருந்தார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். ஈடித் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் வீட்டுக்குச் சோறு போட்டதும் பெரும்பாலும் அவர்தான். கல்யாணமான புதிதில் ஹியூபர்ட் தூரிகை தயாரிக்கும் தொழிலில் பணம் போட்டிருந்தார். அவர் அம்மை கண்டு படுத்திருந்த நேரம் பார்த்துப் பங்காளி பணத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஈடித் வாழ்த்து அட்டைகளுக்குப் படம் வரைந்து வண்ணம் தீட்டினார், பத்திரிகைகளுக்குக் கவிதையும் கதையும் எழுதிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். பின்னாளில் ஹியூபர்ட்டும் பெயர்பெற்ற பத்திரிகையாளர் ஆனார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

குழந்தைக் கதை எழுதுகிறவருக்கு எதற்கு அரசியல்? கதையில் அரசியலைக் கலந்தால் அது பிரச்சாரமாகிவிடாதா? சந்தேகத்தோடுதான் கேட்கிறேன், குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.
*ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், தென்காசி*

இந்தக் கேள்விக்காகவே இந்த இதழை ஒதுக்கலாம். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

அரசியல் கவிதைகளாகவே அவர் எழுதியவை உண்டு. 1908-இல் அவற்றைத் தொகுத்து ஒரு நூலாகவும் போட்டார். நல்ல எண்ணத்தோடு எழுதியவைதான், ஆனால் இன்று அவற்றைத் தேடிப் படிப்பவர்கள் மிகக் குறைவு. குழந்தைகளுக்கு எழுதியது அப்படி இல்லை, நூறாண்டு தாண்டியும் அச்சில் இருக்கிறது. அவருடைய அரசியல் முழு பலத்தோடு இருப்பதும் அங்கேதான் என்பது என் கட்சி.

'தி ஸ்டோரி ஆஃப் தி ட்ரெஷர் சீக்கர்ஸ்' 1899-இல் வந்தது. லூயிஷாமில் பாஸ்டபிள் என்ற குடும்பம், அம்மா இல்லாத ஆறு பிள்ளைகள். அப்பா நோயில் கிடந்தபோது அவருடைய தொழில் பங்காளி ஸ்பெயினுக்கு ஓடிவிடுகிறார். மேலே சொன்ன தூரிகைத் தொழில் கதை உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். கதையைச் சொல்வது ஆஸ்வால்ட் என்ற பையன். வீட்டில் இருந்த வெள்ளிக் கரண்டிகளெல்லாம் கீறலைச் சரிசெய்யக் கடைக்குப் போயின, திரும்பி வரவே இல்லை என்கிறான். அவ்வளவுதான். அடகு என்ற பேச்சே இல்லை. வீட்டுக்கு என்ன ஆகிறது என்று அந்தப் பையனுக்குப் பாதிதான் புரிகிறது, படிக்கிற பெரியவனுக்கு வயிற்றைப் பிசைகிறது. நம் வீடுகளில் அம்மாவின் வளையல் 'பீரோவுக்குள் இருக்கிறது' என்று சொல்லப்பட்ட மாதங்கள் உங்களில் சிலருக்கு நினைவு வரலாம். இந்தப் பிள்ளைகள் புதையல் தேடக் கிளம்புவது விளையாட்டுக்காக மட்டும் இல்லை, குடும்பத்தின் நிலையை மீட்க வேண்டும் என்பதற்காக.

'ரயில்வே சில்ட்ரன்' 1906-இல் நூலாக வந்தது. அப்பாவை இரவோடு இரவாக இரண்டு பேர் வந்து அழைத்துப் போகிறார்கள். ஏன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லப்படவில்லை. நல்ல வசதியாக இருந்த குடும்பம் கிராமத்து வீட்டுக்கு வருகிறது. அங்கே அம்மா சொல்லும் முதல் பாடங்களில் ஒன்று, ரொட்டிக்கு வெண்ணெய் அல்லது ஜாம், ஏதாவது ஒன்றுதான், இரண்டும் சேர்த்துத் தொட்டுக்கொள்ள இனி நமக்குக் கட்டாது என்பது. ஜூன் மாதத்தில் குளிர் அடிக்கிறது, கணப்புக்கு நிலக்கரி வாங்கக் காசு இல்லை. பீட்டர் என்ற பையன் ரயில் நிலையக் குவியலிலிருந்து கரி எடுத்து வருகிறான். நிலைய அதிகாரி பிடித்துவிடுகிறார். அவன் சொல்லும் நியாயத்தைக் கேளுங்கள்: குவியலின் ஓரத்திலிருந்து எடுத்தால் திருட்டு, நடுவிலிருந்து தோண்டி எடுத்தால் அது சுரங்கம் தோண்டுவது மாதிரிதானே! அதிகாரி கண்டித்து விட்டுவிடுகிறார். திருட்டு சரி என்று கதை சொல்லவில்லை, திருடிய பையனைக் கெட்டவன் என்றும் சொல்லவில்லை. குளிரில் நடுங்குகிற வீட்டுக்கும் மலையாகக் குவிந்து கிடக்கிற கரிக்கும் நடுவில் ஒரு பையனை நிறுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறார் நெஸ்பிட்.

அதே நூலில் எனக்கு மிகப் பிடித்த பகுதி ரயிலை நிறுத்தும் காட்சி அல்ல. மண் சரிந்து பாதையை மூடியதும், பிள்ளைகள் சிவப்பு ஃபிளானல் உள்பாவாடைகளைக் கிழித்துக் கொடியாக அசைத்து ரயிலை நிறுத்துவது எல்லாருக்கும் தெரிந்த காட்சி, சினிமாவிலும் அதுதான் பிரபலம். நான் சொல்வது சுமைதூக்கும் தொழிலாளி பெர்க்ஸின் பிறந்தநாள். பெண்டாட்டி பிள்ளைகளைக் காப்பாற்றவே சம்பளம் சரியாக இருக்கிறது, பிறந்தநாள் எங்கே கொண்டாடுவது என்கிறார் அவர். பிள்ளைகள் ஊர் முழுக்கப் போய், அவர் பிறந்தநாள், ஏதாவது கொடுங்கள் என்று கேட்டுப் பொருள் சேர்த்துக்கொண்டு வருகிறார்கள். வீட்டுக்கு வந்து பார்த்த பெர்க்ஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. நாங்கள் யாரிடமும் கையேந்தியது இல்லை, எங்கள் கணக்கை நாங்களே கட்டி வந்திருக்கிறோம், இப்போது ஊரெல்லாம் எங்களுக்குப் பிச்சை எடுத்து வந்திருக்கிறீர்களா என்கிறார். பிள்ளைகளுக்கு அழுகை வந்துவிடுகிறது. மூத்தவள் பாபி ஒவ்வொரு பொருளிலும் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்து, அதைக் கொடுத்தவர் என்ன சொல்லிக் கொடுத்தார் என்று விளக்குகிறாள். அதில் ஒரு குழந்தை வண்டி இருக்கிறது. தன் மகளுக்குப் பிறந்த முதல் குழந்தைக்காக ஒரு அம்மாள் வாங்கியது, அந்தக் குழந்தை ஆறு மாதம்தான் இருந்தது. பெர்க்ஸின் மனைவிக்கு அது போய்ச் சேரட்டும் என்று கொடுத்திருக்கிறாள். மேலே இருந்து இறங்குகிற தர்மம் வேறு, சமமானவர்கள் ஒருவர் மேல் ஒருவர் வைக்கிற மரியாதை வேறு என்பது பெர்க்ஸுக்குப் புரிவதோடு படிக்கிற பிள்ளைக்கும் புரிந்துவிடுகிறது. ஏழைக்கு இரக்கம் காட்டு என்று சொல்கிற கதைகள் அந்தக் காலத்து இங்கிலாந்தில் கொட்டிக் கிடந்தன. ஏழைக்கு மானம் இருக்கிறது, இரக்கம் அவனைக் காயப்படுத்தும் என்று பணக்காரப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த கதைகள் அரிது.

அந்தக் கதையில் ஒரு ரஷ்ய எழுத்தாளரும் வருகிறார். ஏழைகளைப் பற்றிப் புத்தகம் எழுதியதற்காகச் சிறைக்கும் சைபீரியாவுக்கும் அனுப்பப்பட்டவர், மனைவி மக்களைத் தேடிக்கொண்டு இங்கிலாந்துக்கு வந்திருக்கிறார். லண்டனில் அடைக்கலம் புகுந்திருந்த ஸ்டெப்னியாக், க்ரொபோட்கின் போன்ற ரஷ்யப் புரட்சியாளர்கள் நெஸ்பிட்டின் வட்டத்துக்குப் பழக்கமானவர்கள், அந்தப் பழக்கத்திலிருந்து இந்தப் பாத்திரம் வந்திருக்கலாம். அகதியாக வருபவரை வீட்டுக்குக் கூட்டிவந்து அப்பாவின் சட்டையை எடுத்துக் கொடுக்கிற குடும்பம் அது. தவறான குற்றச்சாட்டில் அப்பா சிறையில் இருப்பது பிரான்ஸில் அப்போது எல்லார் வாயிலும் இருந்த டிரைஃபஸ் வழக்கை, அதாவது யூத ராணுவ அதிகாரி ஒருவர் செய்யாத தேசத்துரோகத்துக்காகச் சிறைப்பட்ட வழக்கை, நினைவுபடுத்துகிறது. டிரைஃபஸ் நிரபராதி என்று தீர்ப்பானதும் அதே 1906-இல்தான்.

நேரடியாகவே அரசியல் பேசுகிற நூல் ஒன்றும் உண்டு, 'தி ஸ்டோரி ஆஃப் தி அமுலெட்'. பழைய பாபிலோன் நாட்டு ராணி மாயத்தால் லண்டனுக்கு வந்துவிடுகிறாள். கிழக்கு லண்டனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, உங்கள் அடிமைகளை ஏன் இவ்வளவு மோசமாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறாள். அடிமைகள் இல்லை, தொழிலாளர்கள் என்கிறார்கள் பிள்ளைகள். பின் ஏன் எதிர்த்துக் கிளம்பாமல் இருக்கிறார்கள்? அவர்களுக்கு ஓட்டு இருக்கிறது. ஓட்டு என்றால் என்ன, அதை வைத்து என்ன செய்வார்கள்? ஒன்றும் பெரிதாகச் செய்வதில்லை. ஓ, விளையாட்டுச் சாமானா, புரிந்தது என்கிறாள் ராணி. எட்டு வயதுப் பிள்ளை இதைப் படித்துச் சிரிக்கும், பதினெட்டு வயதில் மறுபடி நினைத்துப் பார்க்கும். அதே நூலில் பிள்ளைகள் எதிர்கால லண்டனுக்கும் போகிறார்கள். தெருவெல்லாம் சுத்தம், முகத்தில் கவலை இல்லாத மனிதர்கள். ஒரு பையன் அழுதுகொண்டிருக்கிறான். குப்பை போட்டதற்காக அன்றைக்குப் பள்ளிக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்களாம், அந்த ஒரு நாள் பள்ளி இழப்புக்கு அத்தனை அழுகை. பையனின் பெயர் வெல்ஸ், நண்பர் எச்.ஜி. வெல்ஸை முன்னிட்டு வைத்த பெயர்.

பிரச்சாரமா என்றால், அய்யா, சில இடங்களில் ஆமாம். ஆனால் பிள்ளைகளுக்குப் பணம் என்றால் என்ன, அநியாயம் என்றால் என்ன என்று புரியும் என்று நம்பி எழுதினார். பெரியவர்களுக்குச் சொல்லும் விஷயத்தைச் சின்னவர்களிடம் மறைக்கவில்லை.

பிளாண்டுக்கு வேறொரு பெண்ணோடு பிறந்த குழந்தைகளையும் நெஸ்பிட்டே வளர்த்தார் என்று படித்தேன். உலகத்துக்கு நியாயம் கேட்டவர் தன் வீட்டில் நடந்த அநியாயத்தை ஏன் பொறுத்துக்கொண்டார்?
*வாசகி, கோயம்புத்தூர்*

1880 ஏப்ரலில் கல்யாணம் நடந்தபோது ஈடித் ஏழு மாத கர்ப்பிணி. கொஞ்ச நாளிலேயே, தானும் ஹியூபர்ட்டுக்கு நிச்சயிக்கப்பட்டவள் என்று நம்பிக்கொண்டிருந்த இன்னொரு பெண், அவள் வயிற்றில் பிறந்த பிள்ளை எல்லாம் தெரியவந்தது. 1886-இல் ஈடித்தின் ஒரு குழந்தை இறந்தே பிறந்தது. அப்போது துணைக்கு வந்த தோழி ஆலிஸ் ஹோட்சன் அந்த ஆண்டே ரோசமண்ட் என்ற பெண் குழந்தையைப் பெற்றார். தகப்பன் யார் என்று தெரியாமலே குழந்தையைத் தன் குழந்தையாக வளர்க்க ஈடித் ஒப்புக்கொண்டார், ஹியூபர்ட்தான் என்று பிறகு தெரிந்தபோது வீடே ரெண்டுபட்டது, ஆலிஸ் வெளியேறினால் நானும் போவேன் என்று ஹியூபர்ட் மிரட்டினார் என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஆலிஸ் அந்த வீட்டிலேயே தங்கினார், வீட்டு நிர்வாகமும் ஃபேபியன் சங்க வேலையும் பார்த்தார். 1899-இல் ஜான் பிறந்தான், அவனையும் ஈடித்தே வளர்த்தார்.

ஏன் பொறுத்துக்கொண்டார்? விவாகரத்துச் சட்டம் அந்தக் காலத்தில் பெண்ணுக்கு எதிராக இருந்தது: மனைவி தவறினால் போதும் கணவனுக்கு, கணவன் தவறினால் அதோடு கொடுமையோ கைவிடுதலோ சேர்த்து நிரூபிக்க வேண்டும் மனைவி. பிள்ளைகள் இருந்தார்கள். கணவன் மேல் ஆசையும் இருந்தது, அவர் எழுத்தில் ஹியூபர்ட்டின் கருத்துக்கு அவர் கொடுத்த மதிப்பிலிருந்தே தெரிகிறது. ஈடித்தும் ஷாவை மனதாரக் காதலித்தார், ஷா நட்போடு நிறுத்திக்கொண்டார்.

நான் இதில் ஈடித்துக்கு வக்காலத்து வாங்க வரவில்லை, ஹியூபர்ட்டை மன்னிக்கவும் இல்லை. வெளியே பழமைவாத ஒழுக்கம் பேசிக்கொண்டு வீட்டில் இரண்டு பெண்களின் உழைப்பில் வாழ்ந்தார் அந்த மனிதர். ஆனால் ஒரு தகவலை மட்டும் சொல்கிறேன். 1902-இல் வந்த 'ஃபைவ் சில்ட்ரன் அண்ட் இட்' நூல் ஜான் பிளாண்டுக்குச் சமர்ப்பணம். அதில் வரும் செல்லக் கைக்குழந்தையும் அவன்தான். ஆலிஸின் மகன். அந்தக் குழந்தையை எல்லாரும் கொஞ்ச வேண்டும், எல்லாரும் ஆசைப்பட வேண்டும் என்று பிள்ளைகளில் ஒருவன் எரிச்சலில் ஒரு வரம் கேட்டுவிட்டு, வழியில் போகிறவர்களெல்லாம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்க, ஒரு நாள் முழுக்கப் படாத பாடு படுவதுதான் அந்த நூலில் ஒரு அத்தியாயம். மனக்கசப்போடு வளர்த்த குழந்தையைப் பற்றி அப்படி எழுத வராது.

தன் சொந்த மகன் ஃபேபியனை 1900-இல் இழந்தார். பதினைந்து வயது. மூக்குக்குப் பின்னால் வளரும் அடினாய்டு சதையை எடுக்க வீட்டிலேயே செய்த சின்ன அறுவை சிகிச்சை, மயக்க மருந்து கொடுத்தார்கள், பையன் எழுந்திருக்கவே இல்லை.

பெண்களின் ஓட்டுரிமைப் போராட்டத்தில் அவர் பங்கு என்ன?
*சட்டக் கல்லூரி மாணவி, சென்னை*

ஆதரிக்கவில்லை. தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டவர், இறுக்கக் கச்சை வேண்டாம் என்று தளர்வான அங்கி போட்டவர், நாலு பேர் முன்னால் சிகரெட் சுருட்டிப் பிடித்தவர், வீட்டுக்குச் சம்பாதித்தவர், எல்லாம் சரி. ஓட்டு விஷயத்தில் ஹியூபர்ட் கடும் எதிரி, ஈடித்தும் அந்தப் போராட்டத்தோடு நிற்கவில்லை. முதலில் பொருளாதாரம் மாற வேண்டும் என்ற வாதம் அந்த வட்டத்தில் பலருக்கு இருந்தது. எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. ஆண்களின் ஓட்டே விளையாட்டுச் சாமானாகக் கிடக்கிறது என்று பாபிலோன் ராணி வாயிலாகக் கேட்டவர், பாதி ஜனங்களுக்கு அதுகூட இல்லை என்பதைச் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும்.

அன்னி பெசன்ட் அம்மையாரும் ஃபேபியன் சங்கத்தில் இருந்தவர்தானே? இருவருக்கும் தொடர்பு உண்டா? நெஸ்பிட் கதைகளில் இந்தியா வருகிறதா?
*வாசகர், பெசன்ட் நகர்*

உங்கள் பேட்டைக்குப் பெயர் தந்தவர் 1885-இல் சங்கத்தில் சேர்ந்து, நிர்வாகக் குழுவிலும் இருந்தார். 1888-இல் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் வேலைநிறுத்தத்துக்கு அவர் துணை நின்றதும் 1889-இல் வந்த ஃபேபியன் கட்டுரைத் தொகுப்பில் எழுதியதும் அந்தக் காலத்தில்தான். அதே தொகுப்பில் ஹியூபர்ட் பிளாண்டின் கட்டுரையும் இருக்கிறது. அப்புறம் பெசன்ட் பிரம்மஞான சபைப் பக்கம் திரும்பினார், 1890-இல் ஃபேபியன்களை விட்டார், 1893-இல் இந்தியா வந்தார். அடையாறு கதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கதைகளில் இந்தியா வருகிறது, ஆனால் நமக்குச் சந்தோஷப்பட அதிகம் இல்லை. 'ட்ரெஷர் சீக்கர்ஸ்' குடும்பத்தின் கஷ்டம் கடைசியில் தீருவது இந்தியாவிலிருந்து திரும்பிய பணக்கார உறவினரால். 'தி ஃபீனிக்ஸ் அண்ட் தி கார்ப்பெட்' நூலில் மாயக் கம்பளம் பிள்ளைகளை ஓர் இந்திய ராணியின் அரண்மனைக்குக் கொண்டுபோகிறது, தர்ம விற்பனைக்கு ராணி சாமான்களை அள்ளிக் கொடுக்கிறாள். அந்தப் பணமும் சாமானும் யாருடைய உழைப்பு என்ற கேள்வியை, லண்டன் தொழிலாளிக்காகக் கேட்டவர், இங்கே கேட்கவில்லை. 'அமுலெட்' நூலில் பங்குச்சந்தைக் காட்சியில் யூதர்களின் பேச்சைக் கேலி செய்கிற பகுதியும் இருக்கிறது. பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கிறவர்கள் அந்த இடங்களைத் தாண்டிப் போகாமல் நிறுத்திப் பேச வேண்டும். அவர் காலம் அப்படி என்று சொல்லிவிட்டு நகர்வது போதாது.

புகழின் உச்சியில் இருந்தவர் கடைசிக் காலத்தில் ஏழ்மையில் இறந்தார் என்பது சரியா?
*வாசகர், சேலம்*

உச்சியில் இருந்த காலம் எல்தமில் வெல் ஹால் என்ற பெரிய வீட்டில். அகழி சூழ்ந்த பழைய வீடு, 1899-இலிருந்து சுமார் இருபது ஆண்டுகள் வாடகைக்கு இருந்தார். வாரக்கடைசியில் எழுத்தாளர்களும் சோஷலிஸ்டுகளும் வந்து குவிவார்கள், சாப்பாடும் பேச்சும் ஆட்டமும் பாட்டும் விடிய விடிய. டெப்ட்ஃபோர்டின் ஏழைப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் கிறிஸ்துமஸ் விழா நடத்தினார், விருந்தும் உடுப்பும் பொம்மையும் கொடுத்தார். 'ஹார்டிங்ஸ் லக்' நூலில் கால் ஊனமான டிக்கி அந்த ஊர்ப் பையன்தான்.

வந்த பணம் வந்த வழியே போய்க்கொண்டிருந்தது. ஹியூபர்ட் பார்வை இழந்தார், 1914-இல் இறந்தார். ஜானின் படிப்புச் செலவுக்கு ஷா உதவினார். போர்க்காலத்தில் புத்தக வருமானம் சுருங்கவே, ஈடித் தோட்டத்துக் காய்கறியும் பூவும் விற்றார், வீட்டில் கட்டண விருந்தாளிகளை வைத்துக்கொண்டார். 1915-இல் அரசு ஒரு சிறிய ஓய்வூதியம் வழங்கியது. 1917-இல் தாமஸ் டக்கர் என்பவரை மணந்தார். வூல்விச் படகுத்துறையில் வேலை பார்த்த கப்பல்காரர், நல்ல நகைச்சுவைக்காரர், எல்லாரும் 'ஸ்கிப்பர்' என்றே கூப்பிடுவார்கள். நண்பர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். தொழிலாளி வர்க்கத்துக்காகப் பேசுவார்கள், அந்த வர்க்கத்தில் கல்யாணம் என்றால் மட்டும் சங்கடம். ஈடித் அதைப் பொருட்படுத்தவில்லை. முதல் தடவையாக ஒருவர் தன்னைப் பார்த்துக்கொள்ளும் வாழ்க்கை அவருக்கு அப்போதுதான் வாய்த்தது.

கென்ட் கரையோரம் ராம்னி மார்ஷ் பகுதியில் இரண்டு பழைய ராணுவக் குடில்களை வாங்கி, ஒன்றுக்கு 'லாங் போட்' என்றும் மற்றதற்கு 'ஜாலி போட்' என்றும் பெயர் வைத்துக் குடியிருந்தார்கள். வசதி குறைந்த வாழ்க்கைதான், ஆனால் அநாதரவாகச் சாகவில்லை. 1924 மே 4 அன்று அங்கேயே இறந்தார், அனேகமாக நுரையீரல் புற்றுநோய், அத்தனை சிகரெட் பிடித்தவர். செயின்ட் மேரி இன் தி மார்ஷ் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்தார்கள். கல்லறைக்கு மர அடையாளம் ஒன்றை டக்கர் தன் கையால் செய்து வைத்தார்.

என் பேத்திக்கு வயது ஒன்பது. எந்தப் புத்தகத்தில் ஆரம்பிக்கலாம்? நானே தமிழில் சொல்லிப் பார்க்கவும், முடிந்தால் மொழிபெயர்க்கவும் ஆசை. அனுமதி வாங்க வேண்டுமா?
*வாசகி, யாழ்ப்பாணம்*

ஒன்பது வயதுக்கு 'ஃபைவ் சில்ட்ரன் அண்ட் இட்' சரியாக இருக்கும். மணலுக்குள் கிடக்கும் சாமியட் என்ற சிடுமூஞ்சிப் பிராணி தினம் ஒரு வரம் தரும், பொழுது சாய்ந்தால் வரம் கலைந்துவிடும். பிள்ளைகள் மடியில் கொள்ளாத அளவு தங்கக் காசு கேட்கிறார்கள், கிடைக்கிறது, ஆனால் பழைய காசு என்பதால் ஒரு கடைக்காரரும் வாங்க மாட்டேன் என்கிறார், கடைசியில் போலீஸ்காரர் பிடித்துப்போகிறார். அதை நீங்கள் வாய்மொழியாகச் சொன்னால் உங்கள் பேத்தி இன்னொரு தடவை சொல்லச் சொல்வாள். 'ரயில்வே சில்ட்ரன்' பத்து பதினோரு வயதில் படிக்கட்டும். 'அமுலெட்' அதற்கும் அப்புறம்.

ஆசிரியர் இறந்து நூறாண்டு கடந்துவிட்டது, பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. மூல நூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மொழிபெயர்க்க உட்கார்ந்தால் ஒரே ஒரு வேண்டுகோள். 'ரயில்வே சில்ட்ரன்' நீளமாக இருக்கிறதே, குழந்தைகளுக்குச் சுருக்கலாம் என்று தோன்றும். சுருக்கினாலும் ரஷ்ய எழுத்தாளர் வருகிற அத்தியாயத்தையும் பெர்க்ஸின் பிறந்தநாளையும் வெட்டிவிடாதீர்கள். அம்மா எழுதி அனுப்பிய கதையை ஒரு பத்திரிகை ஏற்றுக்கொண்டால் அன்றைக்கு மாலைத் தேநீரோடு பன் உண்டு என்று சின்னச் சின்னதாக வரும் இடங்களையும் விட்டுவிடாதீர்கள். ஈடித் வீட்டில் அப்படித்தான் பன் வந்தது.